மணிக்கூட்டுக்கு ஒரு புள்ளடி

செப்டெம்பர் 2, செவ்வாய்

சோளகக் காற்று இன்னும் அடங்கவில்லை. காலையில் கூட்டிய முற்றம் பத்து மணிக்குள் பழையபடி புழுதி. தைக்கக் கிடப்பவை: கொன்வென்ற் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள், பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்காவின் பிளவுஸ், பங்குச் சுவாமியின் அங்கிக்கு ஓரம். வெள்ளை நூல் முடிந்துவிட்டது.

நேற்று நியமனப் பத்திரம் கொடுக்கிற நாள். இடைத்தேர்தலுக்கு மூன்று பேர். பழைய எம்.பி. செத்த இடத்துக்கு அவருடைய தராசுக் கட்சி கோட்டில் வழக்குப் பேசுகிற ஒரு அப்புக்காத்தரை நிறுத்தியிருக்கிறது. தென்னைமரக் கட்சிக்கும் ஒரு அப்புக்காத்தர். இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தவர்கள், கொழும்பில் ஒரே தெருவில் வீடு. ஒருவர் வென்றாலும் மற்றவர் வென்றாலும் அந்தத் தெருவுக்கு நட்டமில்லை. மூன்றாவது வயலற் ரீச்சர். சுயேச்சை. சின்னம் மணிக்கூடு. எங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கே படிப்பித்தவர்.

என் மனிசன் கடலால் வந்து சாப்பிடும்போது சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ரீச்சருக்குக் கட்டுக்காசும் திரும்பாதாம். படலையில் யாரோ "சூசை அண்ணை" என்று கூப்பிட்டதும் கை கழுவியபடி ஓடினார். வரும்போது கையில் தராசு நோட்டீஸ் கட்டு. சுவரில் ஒட்டப் பசை காய்ச்சித் தா என்றார். பாண் மா போட்டுக் காய்ச்சினேன். கட்டிபட்டுப் போச்சு என்று குறை வேறு.

நல்ல தண்ணி கொண்டுவருகிற பவுசர் லொறி இன்றைக்கும் இல்லை. பசை காய்ச்சியது குடிக்க வைத்திருந்த தண்ணியில். அதை அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

செப். 4, வியாழன்

பவுசர் வந்தது, வெயில் ஏறிய பிறகு. எங்கள் குறுகல் ஒழுங்கை தெருவில் ஏறுகிற முகப்பில் வரிசை. எங்கள் கிணறு முழுக்க உவர். அதில் குளிக்கலாம், தோய்க்கலாம், சவர்க்காரம் நுரைக்காது. குடிக்க இந்தப் பவுசர் ஒன்றுதான். குழாய் போட்டுத் தருவதாக நான் கலியாணம் கட்டி இந்த ஒழுங்கைக்கு வந்த காலத்திலிருந்து சொல்கிறார்கள்.

வயலற் ரீச்சர் கொழும்புத்துறையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். தனியாகத்தான். மேளம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. குடை பிடித்தபடி வரிசையோடு நடந்து ஒவ்வொருத்தியோடும் கதைத்தார். பேர் மறக்கவில்லை. என்னைக் கண்டதும் "திரேசா, இப்பவும் கணக்கு வேகமாச் செய்வியோ?" என்று கேட்டார்.

பிலோமினா அக்கா, வாயில் வந்ததைக் கேட்கிறவள், கேட்டாள். "ரீச்சர், நீங்கள் வெல்லப்போறதில்லை. பேந்து ஏன் எங்கடை வோட்டைப் பழுதாக்கிறியள்?"

ரீச்சர் கோபிக்கவில்லை. "ஓம் பிள்ளை, நான் வெல்லமாட்டன். இவ்வளவு காலமும் தராசு வெண்டது, தென்னை வெண்டது. உங்களுக்குத் தண்ணி வந்ததோ? தண்ணி இல்லாட்டிலும் நீங்கள் போடுவியள் எண்டு அவைக்குத் தெரியும். போடாத ஆக்களும் இருக்கினம் எண்டு தெரியட்டும். எத்தினை பேர் எண்டு எண்ணிப் பாக்கட்டும்."

அவ்வளவுதான் அவருடைய கூட்டம். வாளியைத் தூக்கிக்கொண்டு வரும்போது முழுக்க அதுவே தலைக்குள் ஓடியது. எண்ணிப் பார்க்கட்டும்.

செப். 7, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் சம்மாட்டியார் நின்றார். அவருடைய வள்ளங்களில்தான் இந்த ஒழுங்கையில் பாதி ஆம்பிளைகள் தொழிலுக்குப் போகிறார்கள், இவரும் அதில் ஒருவர். சம்மாட்டியார் தராசு. ஆகவே எல்லோரும் தராசு. வேட்பாளரைக் கையில் பிடித்துக் காட்டிக்கொண்டு நின்றார், ஏலத்துக்குக் கொண்டுவந்த பெரிய மீன் மாதிரி.

வேட்பாளர் என்னையும் கும்பிட்டார். தன்னை ஞாபகமிருக்கிறதா என்றார். இருக்கிறது. என் பிள்ளை றெஜியின் செத்தவீட்டுக்கு வந்தவர். நெருப்புக்காய்ச்சல் அந்த வருஷம் இந்த ஒழுங்கையில் ஐந்து பிள்ளைகளைக் கொண்டுபோனது. தண்ணியால் வந்தது என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார். என் பிள்ளைக்கு ஆறு வயது. இந்த வேட்பாளர் ஒரு மலர்வளையம் கொண்டுவந்து பெட்டியின் கால்மாட்டில் வைத்தார். அரை மணித்தியாலம் கழித்துத் தென்னைக்காரர் வந்தார், அவரும் ஒரு வளையம். முதல் வளையத்தைக் கொஞ்சம் தள்ளிவிட்டுத் தன்னுடையதை நடுவில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேளையிலும் என் கண்ணுக்கு அது தெரிந்தது. இரண்டு பேரும் குழாய்க்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் காரில் ஏறினார்கள்.

பின்னேரம் இவரோடு வாய்த்தர்க்கம். இந்த முறை ரீச்சருக்குப் போடலாம் என்று நினைக்கிறேன் என்று சும்மா சொன்னேன். சும்மா இல்லை. சொல்லிப் பார்த்தேன்.

எழும்பி வந்து வலது கையை என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். அரசாங்க அதிபரின் கச்சேரி வாசலில் பாஷைக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தபோது பொலிஸ் அடித்து முறிந்த கை, நேராகப் பொருந்தவில்லை. வலை இழுக்கும்போது இன்றைக்கும் நோகிறது. "இது என்னத்துக்கு முறிஞ்சது? உன்ரை தண்ணி வாளிக்கோ? எங்கடை பாஷையிலை ஒரு கடதாசி எழுத ஏலாத நாட்டிலை குழாய் வந்தென்ன, வராட்டில் என்ன? நாங்கள் ரெண்டாப் பிரிஞ்சால் தென்னைக்காரன் பூந்திடுவான். அவன் போய்க் கொழும்பிலை அரசாங்கத்தோடை இருந்து தேத்தண்ணி குடிப்பான்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எரிச்சல். அந்தக் கைக்கு ஒத்தடம் கொடுத்தவள் நான். அந்தக் கையைக் காட்டி என் வாயை மூடலாம் என்று அவருக்கும் தெரியும், கட்சிக்கும் தெரியும். பாஷைக்கு முறிந்த கையைக் காட்டலாம். தண்ணிக்குச் செத்த பிள்ளையை நான் யாருக்குக் காட்டுவது?

அரிசி கழுவப் போனேன்.

செப். 8, திங்கள்

மாதா பிறந்த திருநாள். பூசைக்குப் போகவில்லை. பல்லுக்கொதி. கிராம்பு வைத்தேன். மீன் இல்லை, முருங்கைக்காய்க் கறி. அங்கி முடிந்தது.

செப். 10, புதன்

இரண்டு நோட்டீஸும் கிடைத்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். தராசு: "குடிநீர்ப் பிரச்சினைக்கு ஆவன செய்யப்படும்." தென்னை: "குடிநீர்த் தேவை குறித்து ஆவன செய்வோம்." யார் யாரைப் பார்த்து எழுதினார்கள்? அல்லது ஒரே ஆள் இரண்டு பேருக்கும் எழுதிக் கொடுத்தானா?

தராசு நோட்டீஸில் தென்னைக்காரரின் அப்பாவைப் பற்றி ஒரு பந்தி. தென்னை நோட்டீஸில் தராசுக்காரரின் மாமனைப் பற்றி ஒரு பந்தி. எங்களைப் பற்றி அந்த ஒரு வரி.

பிலோமினா அக்கா பிளவுஸ் வாங்க வந்தாள். கை இறுக்கமாம். பிரித்துத் தைக்க வேண்டும். தான் தராசுக்குத்தான் போடுவேன் என்று மாதா மேல் சத்தியம் பண்ணினாள். நான் கேட்கவேயில்லை.

செப். 12, வெள்ளி

பாத்திரங்களைக் கழுவாமலே எழுத இருந்துவிட்டேன்.

பவுசர் நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. குடத்தில் அடித் தண்ணி. நானும் பிலோமினா அக்காவும் தேடிப் போனோம். கடற்கரை வெளியில் கண்டோம். இன்று பின்னேரம் அங்கே தராசின் பெரிய கூட்டம், கொழும்பிலிருந்து தலைவர்மார் வருகிறார்கள். சோளகத்தில் புழுதி எழும்பி வேட்டி அழுக்காகுமாம். பவுசரின் பின்பக்கத்துக் குழாயைத் திறந்துவிட்டு மெல்ல மெல்ல ஓட்டிக்கொண்டிருந்தான் டிறைவர். நல்ல தண்ணி. புழுதிக்கு. வெளி முழுக்கக் கறுத்து நனைந்து கிடந்தது. நடுவில் நின்று "இஞ்சாலை இன்னும் கொஞ்சம்" என்று கைகாட்டிக்கொண்டிருந்தவர் என்னுடைய மனிசன்.

என்னைக் கண்டார். கையை இறக்கினார். பிறகு திரும்பவும் காட்டத் தொடங்கினார்.

பிலோமினா அக்கா ஓடிப்போய்க் குழாயின் கீழே குடத்தைப் பிடித்தாள். டிறைவர் பாவம், நிற்பாட்டினான். அரைக் குடம் நிரம்ப முன்னம் யாரோ மேடையிலிருந்து சத்தம் போட, திரும்ப ஓட்டினான். அவள் குடத்தோடு பின்னால் நடந்து நடந்து பிடித்தாள். ஆம்பிளைகள் சிரித்தார்கள்.

இவர் வீட்டுக்கு வந்தபோது ஏன் என்று கேட்டேன். "தலைவர்மார் வரேக்கை நல்லா இருக்க வேண்டாமோ?" என்றார். "நாளைக்குப் பவுசர் வரும்தானே."

இரவுச் சாப்பாடு போட்டுக் கொடுத்தேன். குடிக்க உவர்த் தண்ணி வைத்தேன். வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். குடித்தார்.

மணிக்கூடு. முடிவு.

செப். 14, ஞாயிறு

பவுசர் வந்தது. வெள்ளை நூல் வாங்கினேன். பிளவுஸ் பிரித்துத் தைத்தாயிற்று.

செப். 17, புதன்

சனிக்கிழமை வாக்களிப்பு. இன்று பின்னேரம் இவர் ஒரு புது நோட்டீஸ் கட்டைக் கொண்டுவந்து தையல் மெசின் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். எடுத்துப் பார்த்தேன். தமிழ் மக்களின் ஒற்றுமை கருதி வயலற் ரீச்சர் போட்டியிலிருந்து விலகித் தராசை ஆதரிக்கிறாராம். கீழே அவருடைய பேர். அடியில் அச்சகத்தின் பேர் இல்லை. மற்ற எல்லா நோட்டீஸிலும் இருக்கிறது.

அவர் தலை துடைத்துக்கொண்டு வந்தார். இது பொய் என்றேன். சம்மாட்டியார் தந்தது என்றார். சம்மாட்டியார் தந்தால் பொய்யாக இருக்காதா என்றேன். ரீச்சரே வந்து எழுதிக் கொடுத்தாவாம், அப்படித்தான் சம்மாட்டியார் சொன்னாராம். போய் ரீச்சரைக் கேளுங்கோ என்றேன். நேரமில்லை என்றார்.

நேரம் இருந்தது. வாங்கில் இருந்து ஒரு சுருட்டு முழுக்கக் குடித்துவிட்டுத்தான் போனார். கேட்டால் தெரிந்துவிடும் என்று கேட்கவில்லை.

செப். 18, வியாழன்

முதல் பஸ்ஸில் கொழும்புத்துறை. ரீச்சர் முற்றத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நோட்டீஸைக் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்து வந்து போட்டுக்கொண்டு நின்றபடியே வாசித்தார். "ரெண்டு எழுத்துப் பிழை," என்றார். "என்னட்டைப் படிச்ச ஆரும் உந்த நோட்டீஸை எழுதேல்லை."

சிரிக்க வந்தது எனக்கு. பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தேன். நோட்டீஸை மடித்தார், இன்னும் ஒருக்கால் மடித்தார், இனி மடிக்க இடமில்லாத வரைக்கும் மடித்தார். ஊர் ஊராக நடந்த கால்களைப் பார்த்தேன், செருப்பு வெட்டிய இடமெல்லாம் சீலைத் துண்டு சுற்றியிருந்தது. மறுப்பு நோட்டீஸ் அடிக்க இனி நேரமில்லை, எந்த அச்சகமும் எடுக்காது என்றார்.

"நீங்கள்தான் சொல்லவேணும், பிள்ளை. சொல்லச் சொல்லிக் கேக்கவும் எனக்கு விருப்பமில்லை. உன்ரை வீட்டுக்காரர் அந்தப் பக்கம் எண்டு தெரியும்."

பஸ்ஸில் வரும்போது நினைத்தேன், சொல்லாமல் விடலாம். எனக்கு உண்மை தெரியும், நான் போட்டால் போதும். பவுசர் வரிசைக்கு வந்தபோது பெண்டுகள் அதைத்தான் கதைத்துக்கொண்டு நின்றார்கள். ரீச்சரும் அவர்களோடு சேர்ந்திட்டா, இனி என்ன, தராசுதான். ஒருத்தி "எல்லாம் ஒரே சாதி" என்று காறித் துப்பினாள்.

அந்தத் துப்பல்தான். வாளியைக் கீழே வைத்தேன்.

"நான் இப்ப ரீச்சரின்ரை வீட்டிலையிருந்து வாறன். அவ விலகேல்லை. உந்த நோட்டீஸ் பொய்."

வரிசை முழுக்க என் பக்கம் திரும்பியது. பிறகு பின்னால் இருந்து ஒருத்தி, "உன்ரை மனிசன்தானே குடுத்துக்கொண்டு திரிஞ்சவர்?"

"ஓம். அவர்தான் குடுத்தவர். அது பொய்தான்."

சொன்ன பிறகு காதுக்குள் இரைச்சல். தண்ணி பிடித்தேனா இல்லையா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன். பிடித்திருந்தேன்.

இவர் வீட்டுக்கு வர முதலே செய்தி இவருக்குப் போய்விட்டது. படலையைத் திறந்த விதத்திலேயே தெரிந்தது. அடிப்பார் என்று நினைத்தேன், கலியாணம் கட்டிய நாளிலிருந்து அடிக்காதவர். அடிக்கவில்லை. குசினி வாசலில் வந்து நின்றார்.

"சனத்துக்கு முன்னாலை என்னைப் பொய்யனாக்கிப் போட்டாய்."

"நான் ஆக்கேல்லை."

சாப்பிடாமல் போய்ப் படுத்தார். அவருடைய சோற்றை மூடி வைத்தேன். என்னுடையதைச் சாப்பிட்டேன். பசித்தது.

செப். 20, சனி

வாக்களிப்பு பள்ளிக்கூடத்தில். பெண்டுகள் வரிசை மதிலோடு வெயிலில். சம்மாட்டியாரின் ஆட்கள் வழியில் மேசை போட்டுத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்த மேசையில் இவரும். என் பேரைப் பார்த்து, இலக்கத்தை எழுதி, மற்றவர்களுக்குக் கொடுக்கிற மாதிரியே என்னிடமும் நீட்டினார். தராசுப் படம் போட்ட துண்டு. வாங்கினேன்.

உள்ளே விரலில் மை. நான் படித்த அதே வகுப்பறை. மூலையில் சாக்குத் திரை, மேசை, நூலில் கட்டிய பென்சில். மூன்று படம். தென்னைமரம், தராசு, மணிக்கூடு. மணிக்கூட்டுக்கு நேரே பென்சிலை ஊன்றி, இரண்டு கோடு குறுக்காகப் புள்ளடி போட்டேன், கடதாசி கிழிகிறமாதிரி. கிழிந்தால் செல்லாது என்று பயந்து உயர்த்திப் பார்த்தேன். கிழியவில்லை.

வெளியே வந்தபோது நெஞ்சு லேசாக இருந்தது என்று எழுத ஆசை. இல்லை. கோபம் அப்படியே இருந்தது. ஆனால் முதல் தடவையாக அதை ஓரிடத்தில் வைத்துவிட்டு வந்த மாதிரி.

செப். 21, ஞாயிறு

தராசு தோற்றுவிட்டது.

காலையில் பிலோமினா அக்கா வீட்டு றேடியோவில் கேட்டோம். தென்னைக்காரர் வென்றார், கொஞ்ச வாக்கால். ரீச்சர் கடைசி. ஆனால் அவருக்கு விழுந்ததில் பாதி தராசுக்குப் போயிருந்தாலே முடிவு மாறியிருக்கும். இதைக் கணக்குப் பார்க்க ஊரில் ஒருவருக்கும் வகுப்புத் தேவைப்படவில்லை. பூசைக்குப் போகும் வழியிலேயே எங்களுக்குப் பேர் வைத்தாயிற்று: மணிக்கூட்டுக்காரிகள். ரீச்சர் வீட்டு யன்னல் எல்லாம் கல்லால் உடைத்துவிட்டார்களாம்.

இவர் கிணற்றடியில் இருந்து அழுதார். சத்தம் போடாமல், முகத்தை வலது முழங்கைக்குள் வைத்துக்கொண்டு. கட்சிக்கு நடிக்கிற அழுகை இல்லை. அந்தக் கைக்காக அழுதார். கிட்டப் போக நினைத்தேன். போகவில்லை.

எனக்கும் பயம் வந்தது. நான் செய்தது பிழையோ? தென்னைக்காரன் கொழும்பில் போய் எங்களை விற்றால்? ஒரு புள்ளடிக்கு இவ்வளவு பாரமா? பூசை முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு யோசித்தேன். எங்கள் வாக்கு அவர்களுடைய உறுதி எழுதிய காணியா, வேறு ஆளுக்குக் கொடுத்தால் களவென்று சொல்ல? தோற்றது என் புள்ளடியாலா, புழுதிக்குத் தெளித்த தண்ணியாலா? கள்ள நோட்டீஸ் அடித்த நேரத்துக்கு ஒரு குழாய்க்கு விண்ணப்பம் எழுதியிருக்கலாம்.

செப். 22, திங்கள்

இன்றையதை விடாமல் எழுத வேண்டும்.

பின்னேரம். மா அரித்துக்கொண்டிருந்தேன். ஒழுங்கையில் இரைச்சல். சம்மாட்டியாரும் பத்துப் பன்னிரண்டு பேரும் படலையடிக்கு வந்துவிட்டார்கள். சிலர் குடித்திருந்தார்கள். "கூப்பிடு உன்ரை பெண்சாதியை" என்று ஒருவன் கத்தினான். நோட்டீஸ் பொய் என்று சொல்லித் தராசைக் கவிழ்த்தவள் நான்தானாம். கூரைக்கு நெருப்பு வைக்க வேண்டும் என்று இன்னொருவன்.

இவர் போய்ப் படலைக்கு உள்ளே நின்றார். இரண்டு கையாலும் படலையைப் பிடித்துக்கொண்டார். நான் குசினி மறைவில். சம்மாட்டியார் மரியாதையாகத்தான் கேட்டார். "சூசை, உண்மையைச் சொல்லு. உன்ரை மனிசி ஆருக்குப் போட்டவ?"

"தராசுக்குத்தான், சம்மாட்டியார். வரிசையிலை விசர்க்கதை கதைச்சவதான், இல்லையெண்டேல்லை. பேந்து நான் சொல்லித் திருத்தினனான். தராசுக்குத்தான் போட்டவ. மாதா ஆணை."

கூட்டம் தணிந்தது. சம்மாட்டியார் தலையாட்டினார். திரும்பத்தான் வெளிக்கிட்டார்கள். நான் பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவர் எனக்காக மாதா மேல் பொய்ச் சத்தியம் பண்ணியிருக்கிறார், பூசை தவறவிடாத மனிசன். எனக்கு அது விளங்கியது. விளங்க விளங்கக் கோபம் ஏறியது. நான் படித்த வகுப்பறையில், பென்சிலை ஊன்றி, ஒருவரும் சொல்லித் தராமல் நான் செய்த ஒன்றை இவர் படலையில் நின்றுகொண்டு எடுத்து அவர்களிடம் கொடுத்துவிட்டார்.

கையில் மாவோடு வெளியே வந்தேன்.

"நான் மணிக்கூட்டுக்குத்தான் போட்டனான். ஆரும் சொல்லிப் போடேல்லை. நோட்டீஸ் பொய்யெண்டும் நான்தான் சொன்னனான். பொய்தானே, சம்மாட்டியார்?"

சம்மாட்டியார் என்னைப் பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்தார். "இனி வள்ளத்துக்கு வரவேண்டாம்," என்றார். போனார்கள். ஒருவன் போகும்போது வேலிக் கிடுகை உதைத்து விழுத்தினான். கூரைக்கு ஒருவரும் நெருப்பு வைக்கவில்லை. நோட்டீஸ் பொய்யோ என்ற கேள்வி அவர்களுடைய முகங்களில் நின்றது. அவர்களுக்கும் அதுவரை தெரியாதுபோல.

இவர் கிடுகை நிமிர்த்திக் கட்டினார். நெடுநேரம் கட்டினார்.

"உன்னைக் காப்பாத்தத்தானே சொன்னனான்."

"என்னைக் காப்பாத்த என்ரை வோட்டை ஏன் களவெடுத்தனீங்கள்?"

செப். 23, செவ்வாய்

அவர் விடிய எழும்பி, பழக்கத்தில் வலைப்பையை எடுத்துவிட்டு, திரும்ப ஆணியில் மாட்டினார்.

செப். 25, வியாழன்

கொழும்புத்துறையில் ஒரு வள்ளத்தில் கூலிக்குப் போகிறார். அங்கே இவரை ஒருவருக்கும் தெரியாது, பங்கு கிடையாது, அன்றன்றைக்குக் கொடுப்பதுதான். கை வீங்கியிருக்கிறது. ஒத்தடம் கொடுத்தேன். கதைக்காமல்.

தையலுக்குக் கொடுத்திருந்த இரண்டு பேர் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். பவுசர் வரிசையில் எனக்கு முன்னால் ஆட்கள் பூந்தார்கள். பூந்தவர்களைப் பிலோமினா அக்கா இழுத்துப் பின்னால் விட்டாள்.

சம்மாட்டியாரைப் போய்க் கேட்டாராம் இவர், நோட்டீஸ் ரீச்சர் எழுதியதா என்று. வள்ளத் தொழில் போன பிறகு கேட்க என்ன பயம். சம்மாட்டியார் சிரித்துவிட்டு, "எலக்சன் எண்டால் அப்பிடித்தான்" என்றாராம். இதை எனக்குச் சொல்லவில்லை, பிலோமினா அக்காவின் மனிசனுக்குச் சொன்னார். எனக்குக் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னார்.

செப். 27, சனி

புது எம்.பி. நன்றி சொல்ல ஊர்வலம். திறந்த ஜீப், கழுத்து மறைய மாலை, முன்னால் மேளம். பவுசர் வருகிற நேரம், நாங்கள் எல்லோரும் ஒழுங்கை முகப்பில் வாளிகளோடு. வழி விடச் சொன்னார்கள். ஒருவரும் வேண்டுமென்று மறிக்கவில்லை, வாளிகள் அவ்வளவு. ஜீப் நின்றது.

குழாய் எப்போது வரும் என்று நான் கேட்டேன். மாலைக்கு மேலால் சிரித்தார். "நீங்கள் எனக்கோ போட்டனீங்கள்? இந்த வட்டாரத்திலை மணிக்கூட்டுக்கு எத்தினை எண்டு எனக்குக் கணக்கு வந்திட்டுது. உங்கடை ரீச்சரைக் கேளுங்கோ." பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

எண்ணியிருக்கிறார்கள்.

அப்போது பிலோமினா அக்கா வாளியை ஜீப்பின் முன்னால் நிலத்தில் வைத்தாள். "எத்தினை எண்டு எனக்குத் தெரியாது, ஐயா. அதிலை ஒண்டு என்ரை." மாதா மேல் சத்தியம் பண்ணியவள். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. "ஒண்டு என்ரை" என்று இன்னொருத்தி. அன்றைக்குத் துப்பியவள். பிறகு யார் யார் சொன்னார்கள் என்று பார்க்கவில்லை, கண் மறைத்தது. எம்.பி. சிரிப்பை நிற்பாட்டிவிட்டு டிறைவருக்கு ஏதோ சொன்னார். ஜீப் பின்பக்கமாகவே போனது.

செப். 29, திங்கள்

மேகம் கறுத்தது, மழை இல்லை. புதன்கிழமை கச்சேரிக்குப் போகிறோம், குழாய் கேட்டு. ரீச்சர் விண்ணப்பம் எழுதுகிறார். கையெழுத்து எங்கள் ஒழுங்கையில் மட்டும் இல்லை, அடுத்த இரண்டு ஒழுங்கையிலும். தராசுக்குப் போட்டவர்களும் வருகிறார்கள். வராமல் என்ன, தாகம் அவர்களுக்கும்தான். கிடைக்குமா? தெரியாது. அரசாங்க அதிபர் எங்களைப் பார்ப்பாரா என்பதே தெரியாது.

மத்தியானம் இவர் சோறு தின்றபடி, தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "நானும் வரவோ?"

ஒரு கிழமைக்குப் பிறகு என்னிடம் நேராகக் கேட்ட கேள்வி. ஓம் என்று உடனே சொல்ல வாய் வந்தது. அடக்கினேன். எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. அந்தப் படலைக்கோபம் போகவேயில்லை.

"அங்கை எனக்காக ஒருத்தரோடையும் கதைக்கக்கூடாது. ஏலுமெண்டால் வாங்கோ."

கை கழுவினார். பிறகு அலுமாரியில் இருந்த வெள்ளை வேட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். தானே தோய்த்துக் கொடியில் போட்டிருக்கிறார். உவர்த் தண்ணியில் நீலம் பிடிக்கவில்லை, திட்டுத் திட்டாக நிற்கிறது.